ஆலையின் குளிர் போக்க: ஆவியா, வெந்நீரா?

நுழையும்முன்

வெயில் மிகுந்த நிலத்தில் வாழும் நமக்கு, ஒரு கட்டடத்தைச் சூடேற்றி வைக்க வேண்டும் என்னும் எண்ணமே புதுமையாகத் தோன்றலாம். ஆண்டில் பல திங்கள் கடுங்குளிரில் கழியும் நாடுகளிலோ, சூடேற்றப்படாத ஆலையில் தொழிலாளரின் விரல்கள் மரத்துப்போகும். எந்திரங்களின் எண்ணெய் இறுகும். குழாயில் நின்ற நீர் உறைந்து குழாயைப் பிளக்கும். அந்நாடுகளில், ஓரிடத்தில் எரியும் தீயின் வெப்பத்தை ஆலை முழுவதற்கும் சுமந்து செல்லும் பணி பெரும்பாலும் நீரிடமே ஒப்படைக்கப்பட்டது. அந்த நீர் ஆவியாகச் செல்ல வேண்டுமா, வெந்நீராகச் செல்ல வேண்டுமா? இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பொறியாளர்கள் எதிர்கொண்டுவரும் இவ்வினாவின் விடையைத் தேடுவோம்.

பஞ்சாலையில் பிறந்த தேவை

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் பஞ்சாலைகள் பெருகின. பல மாடிகள் கொண்ட அக்கட்டடங்களைக் குளிர்காலத்தில் சூடாக வைத்திருப்பது பெரும் சிக்கலாக இருந்தது. ஆங்காங்கே அடுப்பு மூட்டினால், காற்றில் மிதக்கும் பஞ்சுத்துகளில் தீப்பொறி பட்டு ஆலையே எரிந்துபோகும். அடுப்பில்லாவிட்டாலோ, குளிர்ந்து உலர்ந்த காற்றில் நூல் அடிக்கடி அறும், வேலை தடைப்படும். தீ ஓரிடத்தில் இருக்க வேண்டும்; வெப்பம் எல்லா இடத்துக்கும் செல்ல வேண்டும் என்பதே அன்றைய தேவை.

சால்ஃபோர்டு நகரில் 1799ஆம் ஆண்டு தொடங்கி 1801ஆம் ஆண்டு வரை கட்டப்பட்ட பஞ்சாலை ஒன்று இத்தேவைக்கு வழிகண்டது. போல்டன் - வாட் நிறுவனம் வடிவமைத்த அவ்வாலையின் தளங்களை வார்ப்பிரும்புத் தூண்கள் தாங்கின. அத்தூண்கள் உள்ளீடற்றவை. அவற்றினுள்ளே நீராவி செலுத்தப்பட்டது. கட்டடத்தைத் தாங்கிய தூண்களே அதனைச் சூடேற்றும் கருவிகளாகவும் விளங்கின. எந்திரங்களை இயக்க ஏற்கெனவே ஆவி உற்பத்தியான இடத்தில், அதன் ஒரு பகுதியை வெப்பூட்டவும் பயன்படுத்துவது இயல்பான வளர்ச்சியே ஆகும்.

வெந்நீர் முறையும் அக்காலத்தில் அறியப்படாததன்று. எனினும், அன்று மின்னெக்கி இல்லை. சூடான நீர் எடை குறைந்து மேலெழுவதும் குளிர்ந்த நீர் எடை கூடிக் கீழிறங்குவதுமான இயற்கைச் சுழற்சியையே நம்ப வேண்டியிருந்தது. அச்சுழற்சி மெதுவானது. ஆகவே, பெரிய குழாய்கள் தேவைப்பட்டன. நீண்டு பரந்த ஆலைகளின் கடைக்கோடிக்கு வெப்பம் போய்ச்சேர்வது அரிதாயிற்று. ஆவிக்கோ உந்தித்தள்ள எக்கி வேண்டியதில்லை. தன் அழுத்தத்தாலேயே அது குழாய்வழி விரைந்து செல்லும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆவி கோலோச்சியதற்கு இதுவே முதன்மையான காரணம். 1882இல் நியூயார்க் நகரில், ஒரே நிலையத்திலிருந்து தெருக்களின் அடியில் பதித்த குழாய்கள் வழியாகப் பல கட்டடங்களுக்கு ஆவி வழங்கும் திட்டமே தொடங்கப்பட்டது. அம்முறை இன்றும் அங்குத் தொடர்கிறது.

ஒரே நீர், இருவகைச் சுமை

இட்லிக் கொப்பரையின் மூடியைத் திறக்கும்போது கையில் படும் ஆவி, அதே வெப்பநிலையிலுள்ள கொதிநீரைவிடக் கடுமையாகச் சுடுவதை நாம் அறிவோம். ஆவியினுள் பொதிந்துள்ள உள்ளுறை வெப்பமே இதற்குக் காரணம். 100 டிகிரி செல்சியஸில் உள்ள ஒரு கிலோகிராம் நீராவி, அதே வெப்பநிலையில் நீராக மாறும்போது ஏறத்தாழ 2257 கிலோஜூல் வெப்பத்தை வெளிவிடுகிறது. வெப்பநிலை ஒரு டிகிரிகூடக் குறையாமலேயே இவ்வளவு வெப்பமும் கிடைத்துவிடுகிறது.

வெந்நீரின் கணக்கு வேறு. அது தன் வெப்பநிலை குறையும் அளவுக்கே வெப்பத்தைத் தரும். வெந்நீர் 80 டிகிரியில் புறப்பட்டு, அறைகளைச் சூடேற்றிவிட்டு 60 டிகிரியில் திரும்புவதாகக் கொள்வோம். அப்போது ஒரு கிலோகிராம் நீர் ஏறத்தாழ 84 கிலோஜூல் வெப்பத்தையே இறக்கிவைக்கிறது. ஒரு கிலோகிராம் ஆவி செய்யும் வேலையை வெந்நீர் செய்ய வேண்டுமாயின், 27 கிலோகிராம் நீர் பயணம் செய்ய வேண்டும்.

ஓர் ஆலைக்கு 1000 கிலோவாட் வெப்பம் தேவை எனில், ஒரு மணிநேரத்துக்கு ஏறத்தாழ 1600 கிலோகிராம் ஆவி போதும். வெந்நீராயின் 43 டன் நீரை எக்கிகள் ஓயாது சுழற்ற வேண்டும். இதனை மட்டும் நோக்கினால் ஆவியே சிறந்தது என்னும் முடிவுக்கு வந்துவிடுவோம். ஆயினும், எடையில் குறைந்த ஆவி பருமனில் மிகுந்தது. 100 டிகிரியில் உள்ள ஒரு கிலோகிராம் ஆவி ஏறத்தாழ 1670 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். குழாயின் பருமனைக் குறைக்க வேண்டுமாயின் ஆவியை அழுத்தத்துக்கு உள்ளாக்க வேண்டும். வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ எட்டு மடங்கு அழுத்தத்தில், அதே ஒரு கிலோகிராம் ஆவி 240 லிட்டருக்குள் அடங்கிவிடும். ஆனால், அதன் வெப்பநிலை 170 டிகிரிக்கு உயர்ந்துவிடும். எனவேதான், பெரிய ஆலைகளில் ஆவியை உயர் அழுத்தத்தில் அனுப்பிப் பயன்படுமிடத்தில் வால்வு மூலம் அழுத்தத்தைக் குறைத்துக்கொள்கின்றனர்.

ஆவியின் வலிமை

ஆவியின் வலிமை வெளிப்படும் இடங்கள் சில உள்ளன. சாயம் ஏற்றுதல், உணவு பதப்படுத்துதல், காகிதம் உலர்த்துதல் முதலிய தொழில்களுக்கு 100 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பம் தேவை. அங்கே உற்பத்திக்காகவே கொதிகலன் இயங்குகிறது. அதே ஆவியில் ஒரு பகுதியைக் கூடங்களின் குளிர்போக்கவும் எடுத்துக்கொள்ளலாம்.

உயர்ந்த கட்டடங்களிலும் ஆவிக்கு ஒரு வசதியுண்டு. குழாயில் நிற்கும் நீர், ஒவ்வொரு 10 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு அழுத்தத்தை அடித்தளக் கருவிகளின்மேல் ஏற்றுகிறது. எடை குறைந்த ஆவி அத்தகைய சுமையை ஏற்றுவதில்லை. மேலும், சரக்குந்துகள் நுழையும்போதெல்லாம் அகலக் கதவுகள் திறந்து மூடப்படும் கூடங்களில், ஆவியால் இயங்கும் விசிறி வெப்பூட்டிகள் விரைவாகச் சூட்டை மீட்டுத்தரும்.

வடிநீர் என்னும் சிக்கல்

வெப்பத்தை இறக்கிவைத்த ஆவி நீராகிறது. இதனை வடிநீர் என்பர். ஆவிமுறையின் தொல்லைகளுள் பெரும்பாலானவை இவ்வடிநீரிலிருந்தே தொடங்குகின்றன. ஆவியைத் தடுத்து வடிநீரை மட்டும் வெளியேற்ற, ஆங்காங்கே 'ஸ்டீம் டிராப்' என்னும் கருவிகளைப் பொருத்துவர். அக்கருவி திறந்த நிலையில் பழுதானால், பயன்தர வேண்டிய ஆவி வீணாக ஓடிவிடும்; மூடிய நிலையில் பழுதானால், குழாயினுள் நீர் தேங்கும். பெரிய ஆலையொன்றில் இத்தகைய கருவிகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றையும் காலம் தவறாமல் சோதிக்க வேண்டும்.

தேங்கிய நீரின்மேல் ஆவி விரைந்து பாயும்போது, அது நீரை அலையாகத் திரட்டிக் குழாயின் வளைவுகளில் மோதச் செய்யும். தேங்கிய குளிர்நீருக்குள் சிக்கிய ஆவி திடீரெனச் சுருங்கினாலும், அவ்வெற்றிடத்தை நிரப்ப விரையும் நீர் சம்மட்டியால் அடித்தது போன்ற அதிர்ச்சியை உண்டாக்கும். தொழிற்கூடங்களில் இதனை 'வாட்டர் ஹேமர்' என்பர். 2007ஆம் ஆண்டு சூலை 18ஆம் நாள், நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்துக்கு அருகே, 1924இல் பதிக்கப்பட்ட ஆவிக்குழாய் ஒன்று தெருவைப் பிளந்துகொண்டு வெடித்தது. ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமுற்றனர். அன்று பெய்த மழைநீர் குழாயைச் சூழ்ந்து குளிர்வித்ததால் உள்ளே வடிநீர் பெருகியது. அதனை வெளியேற்ற வேண்டிய கருவிகளோ, முன்பு கசிவை அடைக்கப் பயன்படுத்திய பூச்சுப்பொருளால் அடைபட்டிருந்தன. கையளவுக் கருவி ஒன்று தன் கடமையைச் செய்யத் தவறினால் நேரும் விளைவை இந்நிகழ்வு காட்டுகிறது.

வடிநீரைக் கொதிகலனுக்கே திருப்பி அனுப்புவதும் இன்றியமையாதது. 100 டிகிரி வடிநீரைச் சாக்கடையில் விட்டுவிட்டு 15 டிகிரி நீரைப் புதிதாகக் காய்ச்சினால், மொத்த வெப்பத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு வீணாகும். புதுநீர் புகுந்துகொண்டேயிருந்தால் கொதிகலனில் உப்பு படியும். வடிநீரில் கரையும் கரிய மில வாயு குழாய்களை அரிக்கும். ஆகவே, நீரைத் தூய்மைப்படுத்தும் செலவும் ஆவிமுறையோடு சேர்ந்தே வருகிறது.

கொதிகலனுள் உறங்கும் ஆற்றல்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிராக்டன் என்னும் நகர் உள்ளது. அங்கிருந்த குரோவர் காலணித் தொழிற்சாலையில் 1905ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள் காலை, மாற்றாக இயக்கப்பட்ட பழைய கொதிகலன் ஒன்று வெடித்தது. நான்கு தளங்கள் கொண்ட மரக்கட்டடம் இடிந்து தீப்பற்றியது. இடிபாடுகளுக்குள் சிக்கிய தொழிலாளர் உட்பட 58 பேர் மாண்டனர். 150 பேர் காயமுற்றனர்.

கொதிகலனுள் இருக்கும் நீர் ஏன் இவ்வளவு கொடியதாகிறது? 170 டிகிரியில் உள்ள நீர், அழுத்தம் இருக்கும்வரை நீராகவே அடங்கியிருக்கும். கலன் பிளந்து அழுத்தம் நீங்கியவுடன், அதில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு நொடிப்பொழுதில் ஆவியாகிவிடும். 1000 கிலோகிராம் நீரிலிருந்து அவ்வாறு பிறக்கும் ஆவி 200 கனமீட்டருக்கும் மேற்பட்ட இடத்தைத் தேடிப் பாயும். அப்பாய்ச்சலே சுவர்களைத் தகர்க்கிறது. நீரின் வெப்பநிலை 100 டிகிரிக்குக் கீழே இருந்தால், கலன் உடைந்தாலும் நீர் கொட்டுமேயன்றி இவ்வாறு ஆவியாகிப் பாயாது. இவ்வேறுபாட்டை மாணவர்கள் மனத்திற்கொள்ள வேண்டும். அழுத்தத்தின் துணையால் 100 டிகிரிக்கு மேல் சூடேற்றப்பட்ட வெந்நீர் அமைப்புகளுக்கும் ஆவிக்குரிய எச்சரிக்கை முழுவதும் பொருந்தும்.

பிராக்டன் துயரம் அம்மாநிலத்தைச் சட்டம் இயற்றச் செய்தது. 1907இல் அங்குக் கொதிகலன் விதிகள் நடைமுறைக்கு வந்தன. அமெரிக்க எந்திரப் பொறியாளர் கழகம் 1915இல் கொதிகலன்களுக்கான பொதுநெறியை வெளியிட்டது.

தெரிந்து தெளிவோம்

கொதிகலன் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டிலும் ஒரு விபத்தின் விளைவாகவே பிறந்தது. 1863இல் கல்கத்தாவில் நேர்ந்த கொதிகலன் வெடிப்பில் பலர் உயிரிழந்தனர். அதனைத் தொடர்ந்து, 1864இல் வங்காளத்தில் கொதிகலன்களை ஆய்வு செய்யச் சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் 1923இல் இந்தியக் கொதிகலன்கள் சட்டம் நாடு முழுவதற்கும் பொதுவாக இயற்றப்பட்டது.

வெந்நீரின் இயல்பு

மின்னெக்கி பரவலான இருபதாம் நூற்றாண்டில் வெந்நீரின் பழைய குறை நீங்கியது. எவ்வளவு நீண்ட ஆலையாயினும் நீரைச் சுழற்ற முடியும் என்ற நிலை வந்தபின், அதன் நற்பண்புகள் வெளிப்பட்டன.

அவற்றுள் முதன்மையானது, தேவைக்கேற்ப வெப்பநிலையை மாற்றிக்கொள்ளும் தன்மை. குளிர் கடுமையான நாளில் 80 டிகிரியிலும், மிதமான நாளில் 45 டிகிரியிலும் நீரை அனுப்பலாம். வெளிக்காற்றின் வெப்பநிலையை அளந்து, இதனைத் தானே மாற்றியமைக்கும் கருவிகளும் உள்ளன. ஆவி முறையிலோ, குறைந்த அழுத்தத்திலும் ஏறத்தாழ 100 டிகிரி வெப்பமே வரும். குளிர் தணிந்த நாளில் அறை அளவுக்கு மீறிச் சூடாகும். மிகுந்த வெப்பம் திறந்த சன்னல் வழியே வெளியேறும்.

குழாய்வழியே ஏற்படும் இழப்பும் வெந்நீரில் குறைவு. 20 டிகிரி வெப்பமுள்ள கூடத்தில் 170 டிகிரி ஆவிக்குழாய் சென்றால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 150 டிகிரி. 70 டிகிரி வெந்நீர்க் குழாயாயின் வேறுபாடு 50 டிகிரி மட்டுமே. குழாயும் காப்புறையும் ஒரே வகையாயின், இழப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிடும்.

வெந்நீர் ஒரு மூடிய சுற்றில் இயங்குகிறது. அதே நீர் திரும்பத்திரும்பச் சுழல்வதால், அதிலுள்ள ஆக்சிசன் விரைவில் தீர்ந்து அரிப்பு குறைகிறது. 10 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடேறும்போது நீரின் பருமன் ஏறத்தாழ 3 விழுக்காடு பெருகும். அப்பெருக்கத்தை ஏற்றுக்கொள்ள விரிவுத்தொட்டி ஒன்றை இணைத்துவிடுவர்.

எரிபொருளைப் பொறுத்தவரை மற்றொரு பயனும் உண்டு. இயற்கை எரிவளி எரியும்போது உண்டாகும் புகையில் நீராவி கலந்துள்ளது. கொதிகலனுக்குத் திரும்பும் நீர் ஏறத்தாழ 55 டிகிரிக்குக் கீழ் இருந்தால், அப்புகையிலுள்ள ஆவி குளிர்ந்து தன் உள்ளுறை வெப்பத்தை அந்நீருக்கே கொடுத்துவிடும். புகைபோக்கி வழியே போயிருக்க வேண்டிய வெப்பம் இவ்வாறு மீட்கப்படுகிறது. சூரிய வெப்பம், எந்திரங்கள் கழிக்கும் வெப்பம், 'ஹீட் பம்பு' எனப்படும் வெப்ப எக்கி ஆகிய மிதவெப்ப மூலங்களையும் வெந்நீர்ச் சுற்றோடு எளிதில் இணைக்கலாம். ஆவியை உண்டாக்கும் அளவுக்கு உயர்ந்த வெப்பத்தை அவற்றிடமிருந்து பெறுவது கடினம்.

குறைகள் வெந்நீருக்கும் உண்டு. எக்கிகளுக்கு இடைவிடாத மின்சாரம் வேண்டும். உறைபனிக் காலத்தில் மின்சாரம் நின்றால், குழாயிலுள்ள நீர் உறையும். உறையும் நீர் ஏறத்தாழ 9 விழுக்காடு விரிந்து குழாயைப் பிளக்கும். இதனைத் தடுக்க நீருடன் கிளைக்கால் என்னும் உறைதடுப்பு நீர்மத்தைக் கலப்பர். அதனால் நீர் சுமக்கும் வெப்பம் சற்றுக் குறையும். எக்கியின் உழைப்பும் மிகும்.

தேர்ந்தெடுக்கும் முறை

இவ்விரண்டனுள் எது சிறந்தது என்று பொதுவாக வினவுவது பயன்தராது. இந்த ஆலைக்கு எது பொருந்தும் என்று வினவுவதே பொறியாளரின் வழி. அதற்கு அவர் சில வினாக்களை எழுப்பிக்கொள்கிறார்.

முதல் வினா, உற்பத்திக்கு ஆவி தேவையா என்பது. இரண்டாவது, எவ்வளவு வெப்பநிலை வேண்டும் என்பது. மூன்றாவது, கட்டடத்தின் நீளமும் உயரமும் கதவுகளின் பயன்பாடும் எத்தகையவை என்பது. நான்காவது, கொதிகலனைப் பேணத் தேர்ந்த பணியாளர் எப்போதும் இருப்பரா என்பது. ஐந்தாவது, இன்றைய எரிபொருள் நாளை மாறக்கூடுமா என்பது.

கடைசல் எந்திரங்கள் நிறைந்த ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். அங்கு உற்பத்திக்கு ஆவி தேவையில்லை. பணியாளர்க்கு வேண்டுவது ஏறத்தாழ 20 டிகிரி வெப்பமுள்ள காற்று மட்டுமே. அதற்காக நீரை 170 டிகிரிக்குச் சூடேற்றி, அழுத்தத்தில் அடைத்து, அதன் ஆபத்தையும் ஏற்றுக்கொள்வது பொருந்தாது. வெந்நீரே அங்கு ஏற்றது. காகித ஆலையின் நிலை வேறு. உலர்த்தும் உருளைகளுக்காக ஆவி அங்கு இருந்தே தீர வேண்டும்; எந்திரக்கூடத்தின் குளிரை அந்த ஆவியே போக்கலாம். அதே ஆலையின் அலுவலகத்துக்கு நடுவழி ஒன்று உண்டு. வெப்பப் பரிமாற்றி என்னும் கருவியில் ஆவியைக் கொண்டு நீரைச் சூடேற்றி, அந்த வெந்நீரை அறைகளுக்கு அனுப்பலாம். ஆவி தன் எல்லைக்குள் நிற்கும். மக்கள் அமரும் இடத்தில் மிதமான வெந்நீர் சுழலும்.

பழைய ஆலைகளை மாற்றும்போது

ஏற்கெனவே ஆவியில் இயங்கும் கட்டடத்தை வெந்நீருக்கு மாற்றுவது எளிய செயலன்று. வெப்பம் வீசும் ரேடியேட்டர் ஒன்று, 100 டிகிரி ஆவியில் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ பாதியையே 70 டிகிரி வெந்நீரில் தரும். வடிநீருக்காக இடப்பட்ட சிறிய குழாய்கள், திரும்பும் வெந்நீருக்குப் போதா. எனவே, குழாய்களையும் ரேடியேட்டர்களையும் மாற்ற வேண்டும். அல்லது சுவர், கூரை, சன்னல் வழியே வெளியேறும் வெப்பத்தைத் தடுத்துக் கட்டடத்தின் தேவையையே குறைக்க வேண்டும். இரண்டாவது வழியை முதலில் ஆராய்வது அறிவுடைமையாகும். தேவை பாதியாகக் குறைந்தால், பழைய ரேடியேட்டர்களே போதுமானவையாகிவிடக்கூடும்.

செலவு மிகுந்தாலும் இம்மாற்றத்தைச் செய்து காட்டியோர் உளர். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் தன் வளாகத்தின் ஆவிக்குழாய்களைக் கைவிட்டு, 2015இல் வெந்நீர் முறைக்கு மாறியது. ஆய்வுக்கூடங்களையும் கட்டடங்களையும் குளிர்விக்கும்போது வெளியேறும் வெப்பத்தை மீட்டு, அதனைக் கொண்டே நீரைச் சூடேற்றும் முறையை அங்கு அமைத்துள்ளனர். ஆவிக்குழாயில் அவ்வெப்பத்தைச் சேர்த்திருக்க இயலாது.

நிறைவாக

ஆவி வலிமை மிக்கது, விரைவு மிக்கது, கவனக்குறைவைப் பொறுக்காதது. வெந்நீர் மெல்லச் செல்வது, தேவைக்கேற்பத் தணிவது, எக்கியையும் மின்சாரத்தையும் சார்ந்திருப்பது. உயர்ந்த வெப்பம் உண்மையாகவே வேண்டிய இடத்தில் ஆவியைக் கொள்வதும், மனிதர் குளிரின்றிப் பணிசெய்தால் போதும் என்னும் இடத்தில் வெந்நீரைக் கொள்வதுமே தெளிந்த தேர்வாகும். எந்த வேலைக்கு எவ்வளவு வெப்பம் போதும் என்று அளந்தறிந்து, அதற்கு மேல் எரிக்காதிருப்பதே இத்துறையின் அடிப்படை அறிவு. எரிபொருளைச் சேமிப்பதும் அந்த அறிவே. பணியிடத்தில் உயிர்களைக் காப்பதும் அந்த அறிவே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர் அரிசி ஆலை அல்லது சாயப்பட்டறையில் ஆவி எவ்வாறு பயன்படுகிறது என்பதை ஆசிரியர் துணையுடன் கேட்டறிந்து, ஒரு பக்க அளவில் குறிப்பு எழுதுக.

2. வெந்நீர் 70 டிகிரியில் சென்று 40 டிகிரியில் திரும்பினால், ஒரு கிலோகிராம் ஆவி தரும் வெப்பத்தைத் தர எத்தனை கிலோகிராம் நீர் தேவைப்படும் எனக் கணக்கிட்டு, பாடத்தில் உள்ள அளவோடு ஒப்பிடுக.

3. 'விபத்துக்குப் பின் பிறக்கும் சட்டங்கள்' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

4. ஆவி, வெந்நீர் ஆகிய இரண்டும் தத்தம் சிறப்பை எடுத்துரைப்பதுபோல் ஓர் உரையாடல் எழுதுக.